பெரிய லாரியிலிருந்து சிறிய பிக்கப்புக்கு: கணக்குப் பார்த்து இறங்குவோம்



சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் ஒரே கேள்வியைப் பலரும் எங்களிடம் கேட்கிறார்கள். "லாரியைக் கொடுத்துவிட்டு பிக்கப் எடுத்தீர்களே, லாபமா, நட்டமா?" இதற்கு நின்றபடியே ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. சிலருக்கு இது லாபம். சிலருக்கு நட்டம். எவருக்கு எது என்பதை அவரவர் கடை நோட்டுதான் சொல்ல வேண்டும். அந்த நோட்டை எப்படிப் போடுவது, எப்படிப் படிப்பது என்பதே இந்தப் பாடம். எங்கள் அனுபவத்தில் சரியாக வந்ததையும் தவறிப் போனதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

லாரி ஏன் வந்தது?

கூடலூர் பஜாரில் அரிசி, பருப்பு, எண்ணெய் மொத்த வியாபாரம் எங்கள் குடும்பத் தொழில். தகப்பனார் காலத்திலிருந்து 2016 ஜனவரி வரை கடை வாசலில் ஒரு லாரி நின்றது. வண்டிகள் மாறின. வாசலில் லாரி நிற்பது மட்டும் மாறவில்லை.

நம் ஊர் மூன்று மாநிலங்கள் கூடும் இடம். வடக்கே முதுமலை, பந்திப்பூர் வழியாகக் குண்டலுப்பேட்டை, மைசூர். தெற்கே நாடுகாணி இறங்கினால் நிலம்பூர். மேற்கே பந்தலூர், சேரம்பாடி தாண்டினால் வயநாடு. கிழக்கே நடுவட்டம் ஏறினால் ஊட்டி, குன்னூர், மேட்டுப்பாளையம். அரிசி ஒரு திசையிலிருந்தும், பருப்பு ஒரு திசையிலிருந்தும், தேங்காய் எண்ணெய் இன்னொரு திசையிலிருந்தும் வரும். அந்நாளில் வாடகை லாரி கேட்டவுடன் கிடைக்காது. கிடைத்தாலும் மழைக்காலத்தில் மலை ஏற மறுப்பார்கள். எனவே சொந்த லாரி வைத்திருந்தவரே சரக்கு வைத்திருந்தார். தகப்பனார் செய்தது சரியான முடிவு.

ஆனால் காலம் மாறியது. சோப்பு, பிஸ்கட், தேயிலை, மசாலா ஆகியவற்றைக் கம்பெனி விநியோகஸ்தர்களே கடை வாசலில் இறக்கத் தொடங்கினார்கள். எஸ்டேட் கடைக்காரர்கள் முன்பு சம்பள நாளை ஒட்டி பதினைந்து நாள் சரக்கை மொத்தமாக எடுப்பார்கள். பிறகு வாரம் ஒரு முறை, வாரம் இரு முறை என்று போனில் சொல்லிச் சிறிது சிறிதாக எடுத்தார்கள். வியாபாரம் குறையவில்லை. துண்டு துண்டானது. நாங்களோ அந்தத் துண்டுகளையும் முழு லாரியில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

நூறு நாள் நோட்டு

லாரியை விற்கலாமா என்ற பேச்சு வீட்டில் எழுந்தபோது தம்பி ஒப்பவில்லை. "லாரி நின்றால்தான் மொத்தக் கடை அண்ணா. பிக்கப் நின்றால் சில்லறைக் கடை என்பார்கள்" என்றார். வாதம் வளர்ந்தது. முடிவில், சண்டை வேண்டாம், நூறு நாள் நோட்டுப் போட்டுப் பார்ப்போம் என்று சமாதானமானோம்.

நோட்டில் ஆறே பத்திகள்: தேதி, போன இடம், ஏற்றிய எடை, இறக்கிய கடைகளின் எண்ணிக்கை, ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல். வண்டி நின்ற நாளுக்கும் ஒரு வரி. அந்த வரியில் "நின்றது" என்று எழுத வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள். பாடமே அந்த வரியில்தான் இருக்கிறது. நூறு நாளில் மழைக்காலத்தின் ஒரு பகுதியும் ஓணம், தீபாவளி போன்ற ஒரு பண்டிகைப் பருவமும் சேருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் நோட்டு ஒருதலையாகப் பேசும்.

எங்கள் நோட்டில் லாரி ஓடியது 31 நாள். நின்றது 69 நாள். ஓடிய 31 நாளில் வெளியூர் சென்று முழுப் பாரத்தோடு வந்தது 12 நாள். மீதி 19 நாள் தேவாலா, பந்தலூர், எருமாடு, மசினகுடி என்று உள்ளூர் லைன். அந்த லைன் நாட்களில் ஒன்பது டன் சுமக்கும் வண்டியில் பெரும்பாலும் இரண்டு டன்னே இருந்தது. நோட்டைப் படித்துவிட்டு தம்பி நெடுநேரம் பேசவில்லை.

நின்ற வண்டியும் சம்பளம் வாங்கும்

டீசல் விலையை நாம் எல்லாரும் பார்க்கிறோம். நிற்கும் செலவை எவரும் பார்ப்பதில்லை. டிரைவர் சம்பளம், கிளீனர் சம்பளம், இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி., டயர், பிரேக் வேலை இவை வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எடுக்கும் எஃப்.சி.யை, அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். வண்டிக்கு வயதாக வயதாக இந்தச் செலவு ஏறும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். தொகைகள் விளக்கத்துக்காகவே. உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

லாரியின் மாத நிற்கும் செலவு 45,000 ரூபாய் என்க. மாதம் 22 நாள் ஓடினால் ஒரு நாளுக்கு 2,045 ரூபாய். 9 நாள் மட்டும் ஓடினால் ஒரு நாளுக்கு 5,000 ரூபாய். வண்டி அதே, டிரைவர் அதே, சாலையும் அதே. ஓடாத நாட்களின் கூலியை ஓடிய நாட்கள் சுமக்கின்றன.

பிக்கப்பின் மாத நிற்கும் செலவு 24,000 ரூபாய். புது வண்டியானால் கடன் தவணை 15,000 ரூபாயையும் சேர்க்க வேண்டும். ஆக 39,000 ரூபாய். மாதம் 24 நாள் ஓடினால் ஒரு நாளுக்கு 1,625 ரூபாய். பழைய லாரிக்குத் தவணை இல்லை, புது பிக்கப்புக்கு உண்டு என்பதை மறந்து கணக்குப் போடுகிறவர் ஏமாந்து போவார்.

உள்ளூர் லைன் ஒரு நாளுக்கு 60 கிலோமீட்டர், டீசல் லிட்டர் 95 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மலைப்பாதையில் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரிக்கு டீசல் 1,425 ரூபாய். நிற்கும் செலவோடு 6,425 ரூபாய். இரண்டு டன் இறக்கினால் டன்னுக்கு 3,212 ரூபாய். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் பிக்கப்புக்கு டீசல் 570 ரூபாய். நிற்கும் செலவோடு 2,195 ரூபாய். ஒன்றரை டன் இறக்கினால் டன்னுக்கு 1,463 ரூபாய். பாதிக்கும் குறைவு.

ஆனால் அவசரப்படாதீர்கள்

இதைப் படித்தவுடன் சிலர் பிக்கப்பை மைசூருக்கும் அனுப்பத் தொடங்குவார்கள். அங்கேதான் கை சுடும்.

மைசூர் போய்வர சுமார் 220 கிலோமீட்டர். லாரிக்கு 55 லிட்டர், அதாவது 5,225 ரூபாய். பிக்கப் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் கொடுத்தால் 20 லிட்டர், 1,900 ரூபாய். பார்த்தால் பிக்கப் மலிவு. ஆனால் பிக்கப் கொண்டுவருவது ஒன்றரை டன். நாள் செலவையும் சேர்த்தால் டன்னுக்கு 2,350 ரூபாய் விழும். வாடகை லாரிக்காரர் ஒன்பது டன்னை 9,000 ரூபாய்க்கு ஏற்றி வந்தால் டன்னுக்கு 1,000 ரூபாய்தான்.

சொந்த லாரி எப்போது வாடகை லாரியை வெல்லும்? வாடகை 9,000 ரூபாயிலிருந்து டீசல் 5,225 ரூபாயைக் கழித்தால் 3,775 ரூபாய். மாத நிற்கும் செலவு 45,000 ரூபாயை 3,775ஆல் வகுத்தால் ஏறக்குறைய 12. ஆக, முழுப் பாரத்தோடு மாதம் 12 நாளுக்கு மேல் லாரி ஓடுமானால் லாரியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே ஓடினால் நட்டம் உள்ளே ஊறிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

எங்கள் முடிவு இதிலிருந்து பிறந்தது: பெரும் பாரத்துக்கு வாடகை லாரி, சிறு பாரத்துக்குச் சொந்த பிக்கப். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்துச் செல்வதானால் இதை எடுத்துச் செல்லுங்கள்.

நம் சாலை சொல்லும் கணக்கு

காகிதக் கணக்கோடு நம் மலைக்கணக்கும் சேர வேண்டும். பந்திப்பூர்ப் புலிகள் காப்பகச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை. நான்கு கடையில் நின்று லோடு ஏற்றும் லாரி சற்றே தாமதித்தாலும் அந்தப் பக்கமே இரவு தங்க வேண்டும். டிரைவர் பேட்டா ஒரு நாள் கூடும். மறுநாள் லைன் கெடும். வாடகை லாரியானாலும் மாலைக்குள் லோடு முடிய வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

எஸ்டேட் சாலைகளில் லாரி திரும்ப இடமில்லை. யானை குறுக்கே நின்றால் லாரியைப் பின்னுக்கு எடுப்பது பெரும்பாடு. பிக்கப்பை எடுத்துவிடலாம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மழையை நாம் மறக்கவில்லை. அத்தகைய நாட்களுக்குப் பின் மண் சரிந்த சாலையை ஒரு பக்கம் திறக்கும்போது முதலில் விடப்படுவது சிறு வண்டிகளே. அரிசி தீர்ந்த லைன் கடைக்கு அந்த இரண்டு நாள் வித்தியாசம் பெரிது. வாடிக்கை நிலைப்பதும் போவதும் அப்போதுதான்.

எந்த வண்டி?

சிறு வண்டி என்பது ஏழைகளின் வண்டி என்று நினைக்க வேண்டாம். ஜப்பானில் 660 சி.சி. எஞ்சினும் 350 கிலோ பாரமும் கொண்ட குட்டி லாரிகளில்தான் மலைக்கிராம விவசாயமும் கடை வியாபாரமும் நடக்கின்றன. நம் நாட்டில் 2005இல் 750 கிலோ சுமக்கும் டாடா ஏஸ் வந்தது. 2011இல் ஒன்றேகால் டன் சுமக்கும் அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மகிந்திரா பொலிரோ பிக்கப் ஒன்றரை டன்னையும் தாண்டிச் சுமக்கும் அளவுகளில் கிடைக்கிறது. உங்கள் நோட்டில் பத்தில் எட்டு லைன் நாட்கள் எந்த எடைக்குள் அடங்குகின்றனவோ, அந்த எடை சுமக்கும் வண்டியை வாங்குங்கள். ஆண்டின் மிகப் பெரிய நாளுக்காக வண்டி வாங்காதீர்கள். அந்த நாளுக்கு இரண்டு நடை அடிக்கலாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதே சுமக்கும் அளவு. கனமான இரும்பு பாடி கட்டினால் அந்த எடை உங்கள் சரக்கிலிருந்து குறையும்.

2. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. அதற்கு மேல் போனால் தேவை. இதை விற்பனையாளர் வாயால் கேட்டு விட்டுவிடாமல் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியை இலகு ரக உரிமம் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. டிரைவர் கிடைப்பது இதனால் எளிது.

4. சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. இணக்க வரித் திட்டத்தில் இல்லாதவர்கள் செலுத்திய வரியை உள்ளீட்டு வரியாக எடுப்பது பற்றிக் கணக்காளரிடம் கேளுங்கள்.

5. உப்பு மூட்டையில் எடை போகும், பொரி மூட்டையில் இடம் போகும். பொரி, அப்பளம், வற்றல் அதிகம் விற்பவர்கள் பாடியின் நீள அகலத்தையும் பாருங்கள். 26 கிலோ அரிசிச் சிப்பமானால் ஒன்றரை டன்னுக்கு 57 சிப்பம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

நாங்கள் செய்த தவறு

அந்த "அதற்கு மேல் ஒன்றும் இல்லை" என்ற சொல்லை நாங்கள் விலை கொடுத்துக் கற்றோம்.

2016 ஓணத்துக்கு முந்தைய வாரம். ஆர்டர் குவிந்திருந்தது. லாரி ஓட்டிப் பழகிய கண்ணுக்கு பிக்கப்பில் இடம் காலியாகத் தெரிந்தது. ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றினோம். டிரைவர் தயங்கினார். "முதலாளி, பின்பக்கம் ரொம்ப உட்காருது" என்றார். "பக்கம்தானே, பார்த்துப் போ" என்று அனுப்பி வைத்தது நாங்கள்தான். இறக்கத்தில் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போயிற்று. எதிரே வண்டி இல்லாத நேரம் பார்த்து அவர் சாலையோர மண்மேட்டில் வண்டியை ஏற்றி நிறுத்தினார். உயிர்ச்சேதம் இல்லை. சர்க்கரை மூட்டைகள் மழையில் கரைந்தன. அளவுக்கு மேல் ஏற்றியிருந்ததால் இன்சூரன்ஸ் கேட்கவும் எங்களுக்கு முகமில்லை. அன்று மாலை அவர் வீட்டுக்குப் போய் அவருடைய மனைவி முன்னால் நின்றபோது பேச வார்த்தை வரவில்லை.

மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் சொன்னதைப் பள்ளியில் படித்தவர்கள்தானே நாம். 2019 திருத்தச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். மேலும் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000 ரூபாய். ஆனால் அபராதத்துக்குப் பயந்து குறைத்து ஏற்றுவதைவிட ஓட்டுகிறவருக்காகக் குறைத்து ஏற்றுவது மேல். அன்றிலிருந்து எங்கள் கிடங்குச் சுவரில் சிப்பம், மூட்டை, டின் வாரியாக உச்ச எண்ணிக்கை எழுதியிருக்கிறது. அதைத் தாண்டினால் வண்டி எடுக்க மறுக்கும் உரிமை டிரைவருக்கு உண்டு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது இரண்டாவது விதி.

விற்குமுன் யாரிடம் பேச வேண்டும்?

லாரி விற்ற மறுவாரமே பஜாரில் ஒரு பேச்சு கிளம்பியது: "அந்தக் கடை முங்கிவிட்டது. லாரியையே விற்றுவிட்டார்கள்." எங்களுக்குக் கடன் கொடுத்து வந்த இரண்டு மொத்த மண்டிக்காரர்கள் பாக்கியைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். தம்பி பயந்தது நடந்துவிட்டது. நாங்கள் லாரி விற்ற பணத்திலிருந்து முதலில் அந்த இருவருக்கும் தீர்த்தோம். மீதியில்தான் பிக்கப்புக்கு முன்பணம் கட்டினோம். ஆறு மாதத்தில் பழைய வரவு செலவு திரும்பியது. ஆனால் இந்தச் சங்கடமே தேவையில்லை. விற்பதற்கு முன்னால் நாமே போய், நோட்டைக் காட்டி, "இன்ன காரணத்தால் மாற்றுகிறோம்" என்று சொல்லியிருந்தால் வதந்திக்கு இடமிருந்திருக்காது. வியாபாரியின் நாணயம் வாசலில் நிற்கும் வண்டியில் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதை எதிராளி அறியும்படி சொல்வது நம் கடமை.

அடுத்து டிரைவர். 19 ஆண்டு எங்களோடு இருந்தவர். லாரி போனால் வெளியூர் பேட்டா போகும். அது அவர் வீட்டின் பால் செலவு, பிள்ளையின் பள்ளிச் செலவு. லைனில் பில் கொடுத்துப் பணம் வாங்கி வரும் பொறுப்பையும் அவரிடம் கொடுத்து, பேட்டாவுக்கு ஈடாகச் சம்பளத்தைக் கூட்டினோம். கிளீனர் கிடங்கு வேலைக்கு வந்தார். லாபம் கணக்கிடும்போது இந்தத் தொகையையும் எழுதிக்கொள்ளுங்கள். அவர்களுடைய வயிற்றிலிருந்து வந்த மிச்சத்தை லாபம் என்று சொல்லக்கூடாது.

மூன்றாவது, பெயர் மாற்றம். படிவம் 29, 30இல் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளர் மேல்தான் விழும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புது ஆர்.சி.யின் நகல் கைக்கு வந்த பிறகே விற்பனை முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

மாற்றம் கொடுத்தது என்ன?

2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. எஸ்டேட்டுகளில் கூலிப் பணம் தட்டுப்பட்டது. லைன் கடைகளில் வசூல் நின்றது. அந்த மாதங்களில் லாரி மட்டும் வாசலில் நின்றிருந்தால், வராத பணத்திலிருந்து கொடுக்க வேண்டிய செலவு எங்களை விழுங்கியிருக்கும். நிற்கும் செலவு சிறிதாக இருந்ததால் கடைக்காரர்களுக்குக் கடன் நாள் நீட்டிக் கொடுக்க முடிந்தது. அவர்களில் ஒருவரும் இன்றுவரை எங்களை விட்டுப் போகவில்லை. 2020 ஊரடங்கில் அதே சிறு வண்டிதான் எஸ்டேட் எஸ்டேட்டாக அரிசி கொண்டு போயிற்று.

ஆகவே நண்பர்களே, உங்கள் லாரி முழுப் பாரத்தோடு மாதம் பாதி நாள் ஓடுகிறதென்றால், அல்லது பிறருக்கும் வாடகை ஓட்டி நிற்கும் செலவை ஈடுகட்டுகிறதென்றால், அதை விற்காதீர்கள். உங்கள் ஊரில் நம்பகமான வாடகை லாரி இல்லையென்றாலும் விற்காதீர்கள். பக்கத்துக் கடைக்காரர் விற்றார் என்பதற்காகவும் விற்காதீர்கள்.

நாளைக் காலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஆறு பத்தி போடுங்கள். வண்டி நின்றால் "நின்றது" என்று எழுதுங்கள். நூறாவது நாள் குடும்பத்தோடு உட்கார்ந்து அந்தச் சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பிறகு முடிவெடுங்கள். நோட்டில் சந்தேகம் இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு எங்கள் கடைக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.